ஆசனம் போகலாம்; விசுவாசம் எப்போது போயிற்று?

கட்சி மாறும் பாராளுமன்ற உறுப்பினர் தமது ஆசனத்தை இழப்பார் என்ற விதி 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டதாகும். ஆயினும் நீண்ட காலமாக அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வந்தது. 1991 இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க முதலானோர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு ஆசனங்களை இழந்தமை ஒரு விதிவிலக்கு. 2007 ஜனவரியில் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதித் தலைவராக இருந்த கரு ஜயசூரிய தலைமையில் ஒரு பெருங்குழுவினர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எழுந்து சென்று அமைச்சுப் பொறுப்புகளை ஏற்றபோது எவரது ஆசனமும் அசையவில்லை. எதிர்க்கட்சியிலிருந்து ஆட்களை இழுப்பது எந்த அரசாங்கத்துக்கும் கைவந்த கலையாகிவிட்டிருந்த காலம் அது.

இந்நிலை அண்மைய ஆண்டுகளிலேயே மாறியது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினரும் அப்போதைய சுற்றாடல் அமைச்சருமான நசீர் அஹமட், கட்சியின் தீர்மானத்துக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தமைக்காக நீக்கப்பட்டது செல்லுபடியானதே என உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. அவரது ஆசனம் வெற்றிடமானது. 2024 ஓகஸ்ட்டில் ஐக்கிய மக்கள் சக்தியால் நீக்கப்பட்ட ஹரின் பெர்னாண்டோ, மனுஷ நாணயக்கார ஆகியோருக்கும் அதே கதி நேர்ந்தது. வாக்காளரின் ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு விரும்பிய சந்தையில் விலை பேசும் வழக்கத்துக்கு இத்தீர்ப்புகள் ஒரு கடிவாளம் இட்டுள்ளன என்பதில் ஐயமில்லை. அவை வரவேற்கப்பட வேண்டியவையே.

எனினும் நீதிமன்றத்தால் தீர்க்கக்கூடியது ஆசனம் யாருக்குரியது என்பதை மாத்திரமே. இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் ஒரு கட்சியின் கொடியைத் தோளில் சுமந்த ஒருவர் ஒரு நாள் அதைக் கீழே வைத்துவிட்டு ஏன் அகன்று செல்கின்றார் என்பது எந்த வழக்கேட்டிலும் வராத விடயம். நேற்று வந்து இன்று போகும் தாவல்காரர்களை இங்கு நாம் கருதவில்லை. அவர்களைப் பற்றி ஆராய அதிகம் இல்லை. கட்சியோடு வளர்ந்து, கட்சிக்காக இழந்து, கட்சியின் முகமாகவே அறியப்பட்ட பின்னர் விலகுவோரின் கதை வேறு. அத்தகைய விலகல்களுள் தமிழ் அரசியலில் மிகப் பெரியதொன்று நிகழ்ந்ததும் அதே மட்டக்களப்பிலேதான். அது நிகழ்ந்த ஆண்டு 1979.

‘சொல்லின் செல்வர்’ என அழைக்கப்பட்ட செல்லையா இராசதுரை 1956 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் மட்டக்களப்பிலிருந்து தெரிவானார். 1952 இல் இரண்டே ஆசனங்களைப் பெற்ற கட்சி பத்து ஆசனங்களுடன் எழுந்து நின்ற தேர்தல் அது. அதன் பின்னர் 1960 இல் நடைபெற்ற இரு தேர்தல்கள், 1965, 1970, 1977 என அவர் தோல்வியையே காணவில்லை. வடக்கின் கட்சி என்று ஏளனம் செய்யப்பட்ட தமிழரசுக் கட்சி கிழக்கின் கிராமங்களிலும் வேரூன்றியதற்கு அவரது மேடைத் தமிழ் ஒரு முக்கிய காரணம் என்பதை அவரது அரசியல் எதிரிகளும் மறுத்ததில்லை. தந்தை செல்வாவின் கொள்கையைக் கிழக்கின் பேச்சு மொழிக்குக் கொண்டுவந்தவர் அவரே எனலாம்.

அத்தகைய ஒருவர் 1979 மார்ச்சில் தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு விலகி, ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியில் இணைந்து, பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். இருபத்து மூன்று ஆண்டுகால விசுவாசம் ஒரே நாளில் அழிந்தது என்று அன்று எழுதப்பட்டது. உண்மையில் அது அழியத் தொடங்கியது எப்போது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வியாகும்.

1977 ஏப்ரல் 26 இல் தந்தை செல்வா காலமானார். மூன்று மாதங்களுக்குள், ஜூலை 21 இல், பொதுத்தேர்தல் வந்தது. மட்டக்களப்பு அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை நிறுத்தப்பட்டார். அதே தொகுதியில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கவிஞர் காசி ஆனந்தன் நிறுத்தப்பட்டார். இருவரும் ஒரே இயக்கத்தின் வேட்பாளர்கள், இரு சின்னங்கள், ஒரே வாக்காளர் கூட்டம். இரண்டு ஆசனங்களையும் வெல்வதே நோக்கம் என்று விளக்கம் கூறப்படலாம். ஆயின் இரட்டைத் தொகுதியில் தமது இரு வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கும் உரிமை வாக்காளருக்கு இருந்தது. எனவே களத்தில் இந்த ஏற்பாடு ஒரு துணைப் போட்டியாக அமையாமல் எதிர்ப் போட்டியாகவே மாறியது. இளைஞர்கள் பலர் காசி ஆனந்தன் பக்கம் திரண்டனர். இருபது ஆண்டுகள் தாம் கட்டி வளர்த்த வீட்டின் சின்னம் தமக்கு எதிராகவே சுவரில் ஒட்டப்பட்டிருப்பதை இராசதுரை தமது ஊரின் தெருக்களில் கண்டார். முடிவில் இராசதுரை வென்றார். மற்றைய ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பைக்குச் சென்றது.

இங்கு இடைக்குறிப்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக வகுக்கப்பட்டமை அங்கு வாழும் இரு சமூகங்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. இரண்டு ஆசனங்களையும் தமிழ் வேட்பாளர்களே கைப்பற்ற வேண்டும் என்ற கணக்குப் பலித்திருக்குமாயின் அத்தொகுதி முஸ்லிம்கள் பாராளுமன்றத்தில் குரலற்றுப் போயிருப்பர். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற சொற்றொடரை அரசியலுக்குத் தந்த கட்சிக்கு இது தோன்றாமற் போனது எவ்வாறு? இராசதுரை விவகாரம் பற்றி எழுதிய எவரும் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இராசதுரை அடைந்த காயத்தைப் பேசுவோரும் காசி ஆனந்தனுக்கு நேர்ந்த தோல்வியைப் பேசுவோரும் இதைப் பேசுவதில்லை.

கிழக்கின் மனக்குறையும் இதனுடன் சேர்த்து நோக்கப்பட வேண்டியதாகும். பட்டிருப்பின் எஸ்.எம். இராசமாணிக்கம், திருகோணமலையின் என்.ஆர். இராஜவரோதயம் போன்றோர் தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவியை வகித்திருக்கின்றார்கள். ஆகவே கிழக்குக்கு எதுவுமே தரப்படவில்லை என்பது மிகையுரையாகும். ஆனால் 1977 இல் கூட்டணி பெற்ற 18 ஆசனங்களை எடுத்துப் பாருங்கள். வடக்கில் 14, கிழக்கில் 4. அந்த நால்வருள் இருவர் இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் ஆளும் கட்சிக்குச் சென்றுவிட்டனர். பொத்துவில் தொகுதியின் மயில்வாகனம் கனகரத்தினம் முதலாமவர், இராசதுரை இரண்டாமவர். வடக்கின் பதினால்வருள் எவரும் அவ்வாறு செல்லவில்லை. கிழக்கத்தவர் பதவிக்கு மயங்குபவர் என்று இதற்கு விளக்கம் கூறியோர் அன்றும் இருந்தனர். பாதிப்பேர் எழுந்து போகும் அறையில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே.

இதனால் இராசதுரை குற்றமற்றவர் என்று நாம் தீர்ப்பெழுதுவதாகக் கொள்ளலாகாது. மக்கள் அவருக்கு வாக்களித்தது 1976 ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்த ஒரு கூட்டணியின் வேட்பாளர் என்ற வகையிலாகும். அந்த ஆணையை ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவைக்குக் கொண்டு செல்ல அவருக்கு உரிமை இருந்ததா என்ற கேள்வி இன்றும் நிற்கின்றது. மனம் முறிந்தவர் விலகலாம், வீட்டில் இருக்கலாம், சுயாதீனமாக அமரலாம். அமைச்சர் ஆசனத்தில் போய் அமர்ந்தமையே அவரது நியாயங்கள் அனைத்தையும் மக்கள் காதில் விழாமற் செய்தது.

ஆயினும் அவருக்கு வேறு எந்த வழி திறந்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1972 ஒக்டோபரில் தந்தை செல்வா காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றார்களா என்று இடைத்தேர்தலில் கேட்கச் சவால் விடுத்தார். அந்த இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை இழுத்தடிக்கப்பட்டது. நடந்தபோது அவர் பெருவெற்றி பெற்றார். இராசதுரைக்கு அந்த வழி இருக்கவில்லை. 1978 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் கீழ் ஓர் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் கிடையாது. அவர் சார்ந்திருந்த கட்சியே இன்னொருவரைப் பெயரிட்டு வெற்றிடத்தை நிரப்பும். அதாவது, ‘நான் செய்தது சரியா, பிழையா’ என்று தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களிடம் திரும்பிச் சென்று கேட்கும் பாதை சட்டத்தாலேயே மூடப்பட்டிருந்தது. இன்றைய விகிதாசார முறையிலும் அது மூடப்பட்டே இருக்கின்றது. நசீர் அஹமட்டின் ஆசனத்துக்கு அலிஸாஹிர் மௌலானா வந்தது மக்களிடம் மீண்டும் கேட்டு அல்ல.

பாதையை மூடிய அதே அரசாங்கம் தனக்கு வேண்டியவர்களுக்காக ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்தது. 1979 பெப்ரவரியில் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் அதுவே. அன்றைய பாராளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டாலும், பாராளுமன்றம் பெரும்பான்மையால் தீர்மானித்தாலன்றி அவரது ஆசனம் பறிபோகாது என்று அது கூறியது. 168 ஆசனங்களில் 140 ஐ வைத்திருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. ஆகவே எதிர்க்கட்சியிலிருந்து ஆளும் கட்சிக்கு வருபவர் பத்திரமாக இருப்பார். ஆளும் கட்சியிலிருந்து வெளியே செல்ல எண்ணுபவர் தெருவில் நிற்பார். திருத்தம் நிறைவேறி மறுமாதமே இராசதுரை அரசாங்கப் பக்கம் வந்தமை தற்செயலானது என்று எவரும் அன்று நம்பவில்லை. இன்றும் நம்ப முடியவில்லை.

கட்சி மாறுவதைத் தடுக்கவென்று ஒரு விதியை எழுதி, மை உலர்வதற்கு முன்னரே அதில் ஓட்டை போட்டவர்களிடமிருந்தே எமது கட்சி தாவல் சட்டத்தின் வரலாறு தொடங்குகின்றது.

விலகுபவருக்கு எமது அரசியலில் ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கும் பெயர் ‘துரோகி’ என்பதாகும். வேடிக்கை யாதெனில், இப்பெயரைச் சூட்டும் கட்சிகள் பலவும் விலகல்களிலிருந்தே பிறந்தவை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 இல் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இணைந்ததையும், மலையக மக்களின் குடியுரிமைப் பறிப்பையும் ஏற்க மறுத்த செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசெம்பரில் ஆரம்பித்ததே தமிழரசுக் கட்சி. 1951 ஜூலையில் அமைச்சுப் பதவியையும் சபை முதல்வர் பதவியையும் துறந்து எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்ற பண்டாரநாயக்க ஆரம்பித்ததே ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி. அன்று அவருடன் சென்ற டி.ஏ. ராஜபக்ஷவின் மகன் மஹிந்த, தமது தந்தை சேர்ந்து கட்டிய அக்கட்சியை 2018 நவம்பரில் விட்டு விலகிப் பொதுஜன பெரமுனவில் இணைந்தார். அதற்குள் புதிய கட்சி உள்ளூராட்சித் தேர்தலில் நாட்டையே வென்று காட்டியிருந்தது. வீடு மாறுவதற்கு முன்னரே தளபாடங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன.

இவற்றுக்கிடையிலுள்ள வேறுபாடு, விலகியவர் கொடுத்த விலையிலேயே தெரிகின்றது. செல்வநாயகம் 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் தோற்றார். கொள்கைக்காகக் கட்சியை விட்டவருக்கு மக்கள் உடனே மாலை போடவில்லை. நான்கு ஆண்டுகள் பாராளுமன்றத்துக்கு வெளியே காத்திருக்க வைத்தனர். பண்டாரநாயக்கவும் 1956 வரை காத்திருந்தார். இராசதுரைக்கு அத்தகைய காத்திருப்பு இருக்கவில்லை. அமைச்சராக அவர் ஆற்றிய பணிகள் இல்லாமலில்லை. 1982 இல் மட்டக்களப்பில் உருவான சுவாமி விபுலானந்த இசை நடனக் கல்லூரி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்து நிற்கின்றது. ஆயினும் 1983 ஜூலையின் பின்னர், ஆறாவது திருத்தத்தின் கீழ்ச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்துக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்த வேளையிலும், அவர் அதே அமைச்சரவையில் தொடர்ந்து அமர்ந்திருந்தார். 1979 இல் போனதை விளங்கிக்கொள்ள முடிகின்றது. 1983 இல் இருந்ததை விளங்கிக்கொள்வது கடினம்.

தொண்டமானின் நிலைப்பாட்டை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கூட்டணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராக இருந்த அவர், தனிநாட்டுக் கோரிக்கை மலையக மக்களுக்குப் பொருந்தாது என்பதை வெளிப்படையாகவே கூறிவிட்டு, 1978 இல் அமைச்சரவையில் சேர்ந்தார். அவரை விமர்சித்தவர்கள் உண்டு. ஆயினும் இராசதுரைக்குக் கிடைத்த வசை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தமது காங்கிரஸை முழுமையாகத் தம்முடன் கொண்டு சென்றார் என்பதும், முரண்பாட்டை முன்கூட்டியே மக்களுக்குச் சொல்லியிருந்தார் என்பதும் அதற்குக் காரணங்களாகும்.

துரோகி என்ற சொல் அக்காலத்தில் மேடைச் சொல்லாக மட்டும் நிற்கவில்லை என்பதை மறந்துவிட முடியாது. கனகரத்தினம் 1978 ஜனவரியில் கொழும்பில் சுடப்பட்டு, அக்காயங்களுடன் வாழ்ந்து 1980 இல் இறந்தார். தமிழ்க் காங்கிரஸில் தெரிவாகி 1972 அரசியலமைப்பை ஆதரித்த வட்டுக்கோட்டை ஆ. தியாகராசா 1981 மே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். விலகுவதற்கு உயிர் விலையாக வைக்கப்பட்ட பின்னர், விலகாமல் இருந்தோரின் விசுவாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை பேர் உடன்பாட்டால் இருந்தார்கள், எத்தனை பேர் அச்சத்தால் இருந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. மாற்றுக் கருத்தைக் கட்சிக்குள்ளேயே எழுந்து நின்று சொல்லும் பழக்கம் தமிழ் அரசியலில் பட்டுப்போனது அங்கேதான். கிழக்கின் மனக்குறை அதனால் மறைந்துவிடவில்லை. சரியாகக் கால் நூற்றாண்டின் பின்னர், 2004 மார்ச்சில், அது மற்றொரு களத்தில், மற்றொரு வடிவத்தில், மிகுந்த இரத்தத்துடன் வெளிப்பட்டது.

முஸ்லிம் அரசியலின் அனுபவம் இதற்கு முற்றிலும் வேறானதல்ல. 1956 இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் தெரிவான எம்.எஸ். காரியப்பர், எம்.எம். முஸ்தபா ஆகியோர் அதில் நிலைக்கவில்லை. 1977 இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி கூட்டணியுடன் சேர்ந்து போட்டியிட்டு ஓர் ஆசனத்தையும் பெறவில்லை. அந்த அனுபவத்தின் பின்னரே எம்.எச்.எம். அஷ்ரப் 1981 இல் முஸ்லிம் காங்கிரஸை ஆரம்பித்தார். தமிழ்த் தரப்பு இவற்றைத் தாவல்கள் என்று பட்டியலிட்டதே தவிர, ஒரு சமூகமே மெல்ல எழுந்து வெளியேறுகின்றது என்று கணிக்கவில்லை. அஷ்ரப் 2000 செப்டெம்பரில் மறைந்த பின்னர் அவரது கட்சியும் அதே நோய்க்கு ஆளானது. தேசிய காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் என்று அவரது பாசறையில் வளர்ந்தோரே பிரிந்து நின்றனர். 2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தத்துக்குத் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களிக்க, ஏனைய நால்வரும் ஆதரவாக வாக்களித்தார்கள். அன்று கட்சியை விட்டுப் போனது நால்வரா, ஒருவரா என்று கிழக்கின் தேநீர்க் கடைகளில் கேட்டிருந்தால் சுவையான பதில்கள் கிடைத்திருக்கும்.

இன்று தமிழரசுக் கட்சியின் நிலை என்ன? 2024 ஜனவரியில் திருகோணமலையில் கட்சித் தலைவரைத் தெரிவு செய்ய வாக்கெடுப்பு நடைபெற்றது. சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளையும் எம்.ஏ. சுமந்திரன் 137 வாக்குகளையும் பெற்றனர். ஒரு கட்சிக்குள் இவ்வாறான பகிரங்கப் போட்டி நிகழ்ந்தமை நல்ல சகுனம் என்றே பலரும் கருதினர். ஆனால் விவகாரம் நீதிமன்றப் படியேறியது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி ஒரு வேட்பாளரை ஆதரிக்கத் தீர்மானிக்க, கட்சியின் மூத்த உறுப்பினரான பா. அரியநேத்திரன் பொது வேட்பாளராக நின்றார். அவரும் மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தபோது, வேட்பாளர் தெரிவில் அதிருப்தியுற்ற நீண்டகால உறுப்பினர்கள் சிலர் வெளியேறித் தனி அணியாகப் போட்டியிட்டனர். விளக்கம் கோரும் கடிதங்களுக்கும் ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிய பேச்சுகளுக்கும் குறைவிருக்கவில்லை. வெளியேறுபவரை அழைத்து உட்காரவைத்து, எந்த ஆண்டில், எந்தக் கூட்டத்தில், எந்தத் தீர்மானத்தில் உமது மனம் முறிந்தது என்று கேட்கும் ஏற்பாடு மாத்திரம் எமக்குத் தெரிந்த எந்தக் கட்சியிலும் இல்லை.

ஆனால் 2024 நவம்பரில் வெளியேறிய பெருங்கூட்டம் பிரமுகர்களுடையதன்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்றே கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கும் உதயசூரியனுக்கும் புள்ளடியிட்ட குடும்பங்கள் திசைகாட்டிக்கு வாக்களித்தன. இவர்களை நீக்க முடியாது. இவர்கள் அங்கத்துவ அட்டை வைத்திருந்தவர்கள் அல்லர். இவர்களின் ஆசனத்தைப் பறிக்க முடியாது. யாழ்ப்பாணத்தின் பாதி ஆசனங்களைக் கொடுத்தவர்களைத் துரோகி என்று அழைக்கவும் எவரும் துணியவில்லை.

அதே தேர்தலில் மட்டக்களப்பின் ஐந்து ஆசனங்களில் மூன்றைத் தமிழரசுக் கட்சி வென்றது. 1979 இல் மனம் முறிந்து சென்றவரின் மாவட்டம் கட்சியோடு நிற்க, யாழ்ப்பாணம் அகன்று போயிருக்கின்றது. இதை ஆராயக் கட்சி ஒரு குழுவை நியமிக்குமாயின், அதன் முதல் அமர்வை யாழ்ப்பாணத்தில் அன்றி மட்டக்களப்பில் வைப்பதே பொருத்தமாக இருக்கும். 1977 இல் சுவரொட்டி ஒட்டியவர்களுள் சிலர் இன்னும் அங்கு வாழ்கின்றார்கள்.